பாதுகாப்பற்ற பணி ஒதுக்கீடு வந்தால் என்ன செய்வது: கலிபோர்னியா மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கு

கலிபோர்னியாவில் ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கலாம் என்பதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்த வரம்பு மீறப்படும் இரவில் அதைக் கண்டுபிடித்துத் திருத்த அரசு அதிகாரி எவரும் வார்டில் இருக்கப்போவதில்லை. மீறல் நடக்கிறது என்று பணியில் இருப்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும், சொன்னதை எழுத வேண்டும், எழுதியதைத் தொழிற்சங்கம் கையில் எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போக வேண்டும். இதற்கென்றே இங்குள்ள செவிலியர் சங்கங்கள் வைத்திருக்கும் ஆட்சேபப் படிவத்தை எல்லோரும் சுருக்கமாக ஏ.டி.ஓ. (Assignment Despite Objection) என்கிறார்கள். ஒதுக்கப்பட்ட பணியை நோயாளிகளின் நலன் கருதி ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அது பாதுகாப்பானதல்ல என்ற என் ஆட்சேபத்துடன்தான் ஏற்கிறேன் என்பதே அந்தப் படிவத்தின் சாரம்.

தமிழ்நாட்டில் இரவு டியூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் ஓரிருவராகச் சமாளித்துப் பழகியவர்களுக்கு, ஐந்தாவது நோயாளி கூடுதல் என்று ஆட்சேபம் எழுப்புவது தொடக்கத்தில் கூச்சமாகவே இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு இங்கே இடம் தர வேண்டியதில்லை. படுக்கையருகே உறவினர் ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கு இல்லை. மதிப்பீடு, மருந்து, கணினிப் பதிவு, மருத்துவருக்குத் தகவல் என அனைத்துக்கும் உரிமம் பெற்ற செவிலியர்தான் பொறுப்பு. ஏதேனும் தவறினால் கேள்விக்குள்ளாவதும் அந்த உரிமம்தான்.

முதலில் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

செவிலியர்–நோயாளி விகிதத்தைக் கட்டாயமாக்கும் ஏ.பி. 394 என்ற சட்டத்தில் ஆளுநர் கிரே டேவிஸ் 1999இல் கையெழுத்திட்டார்; அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் 2004 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அமெரிக்காவில் எல்லா முக்கியப் பிரிவுகளுக்கும் இப்படி விகிதம் விதித்த முதல் மாநிலம் இதுவே. இன்றைய கணக்குப்படி தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு 2 நோயாளிகள், அதைவிட ஒரு படி தீவிரம் குறைந்த ஸ்டெப்டவுன் பிரிவில் 3, இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் டெலிமெட்ரியில் 4, அவசர சிகிச்சையில் 4, குழந்தைகள் பிரிவில் 4, பொது மருத்துவ-அறுவைப் பிரிவில் 5, மனநலப் பிரிவில் 6 என்பது உச்ச வரம்பு. அறுவை அரங்கில் ஒருவருக்கு ஒருவர். அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளியின் நிலை தீவிர சிகிச்சைக்குரியது என்றால் அங்கேயும் 2 தான்.

இந்த எண்களைவிட முக்கியமானவை அவற்றோடு வரும் நிபந்தனைகள். புதியவர்கள் ஏமாறுவதும் அங்கேதான். முதலாவதாக, வரம்பு எந்நேரமும் பொருந்தும், சராசரி பார்ப்பது செல்லாது. பிரிவில் மொத்தம் 20 நோயாளிகள், 5 செவிலியர்கள், ஆகவே கணக்கு சரி என்று சொல்லி ஒருவருக்கு ஐவரையும் இன்னொருவருக்கு மூவரையும் டெலிமெட்ரியில் கொடுக்க முடியாது. இரண்டாவதாக, ஷிப்டில் பிரிவுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ் நேரடியாக நோயாளிகளை ஏற்றுக் கவனித்தால் மட்டுமே அவரைக் கணக்கில் சேர்க்கலாம். மேசையில் இருந்து பிரிவை நடத்துபவரைக் கணக்குக்கு ஆள் காட்டுவது விதிக்குப் புறம்பானது. மூன்றாவதாக, இந்த எண்கள் குறைந்தபட்ச ஏற்பாடு மட்டுமே. நோயாளிகளின் நோய்த்தீவிரத்தை அளந்து, தேவைப்பட்டால் கூடுதல் ஆட்களைப் போடுவதற்கான வகைப்பாட்டு முறையை ஒவ்வொரு மருத்துவமனையும் வைத்திருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. ஆகவே நான்கு பேர் மட்டுமே உங்களிடம் இருந்தாலும், நால்வருமே நிலைகுலைந்தவர்கள் என்றால் உங்கள் ஆட்சேபத்துக்கு அடிப்படை உண்டு.

இடைவேளை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நடைமுறையில் அதிகம் மீறப்படுவதும் குறைவாக எழுதப்படுவதும் இதுதான். பக்கத்துச் செவிலியர் சாப்பிடப் போகும்போது அவருடைய நால்வரையும் நீங்கள் பார்த்துக்கொண்டால், அந்த அரை மணி நேரம் உங்களிடம் எட்டுப் பேர் இருக்கிறார்கள். பழகிய தோழிக்குச் செய்யும் உதவியாக இது தோன்றலாம். விதியின் கண்ணில் இது வரம்பு மீறல். எந்நேரமும் என்பதில் உணவு இடைவேளையும் அடங்குமா என்று கேட்டு மருத்துவமனைகளின் கூட்டமைப்பு 2004இல் நீதிமன்றம் போய்த் தோற்றது. அதனால்தான் பல இடங்களில் இடைவேளைக்கென்றே தனிச் செவிலியர் ஒருவரை நியமிக்கிறார்கள். அவர் வராத நாளில், அல்லது அவரையும் நோயாளிகளை எடுக்கச் சொல்லிவிட்ட நாளில், அதுவே படிவம் எழுதப் போதுமான காரணம்.

விதி உண்டாயிற்று என்றால் அது தானாக நிலைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பொது மருத்துவ-அறுவைப் பிரிவில் 2005 முதல் ஆறு பேர் ஐந்தாகக் குறைய வேண்டியிருந்தபோது, ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 2004 நவம்பரில் அவசர ஆணை ஒன்றால் அதைத் தள்ளிப்போட்டார். கலிபோர்னியா செவிலியர் சங்கம் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டே அந்த ஆணையை முறியடித்தது. இன்று உங்கள் பிரிவில் ஐந்து என்ற எண் இருப்பதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே

பிரச்சினை வந்த இரவில் படிவத்தைத் தேடி அலைவது வீண். உங்கள் மருத்துவமனையில் எந்தச் சங்கம் இருக்கிறது, உங்கள் பிரிவின் பிரதிநிதி யார், படிவம் தாளாக எந்த இழுப்பறையில் இருக்கிறது அல்லது கைப்பேசியில் எந்த முகவரியில் நிரப்ப வேண்டும் என்பவற்றை அறிமுகப் பயிற்சிக் காலத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சங்க ஒப்பந்தப் புத்தகத்தையும் வாங்கி, பணி ஒதுக்கீடு, ஃப்ளோட் (வேறு பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்புவது), முறையீடு ஆகிய மூன்று பகுதிகளையாவது படியுங்கள். உங்கள் பிரிவு எந்த வகையாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கதவில் எழுதியிருக்கும் பெயரைக் கொண்டு இதை முடிவு செய்ய முடியாது. ஒரே தளத்தில் டெலிமெட்ரி நோயாளிகளும் பொது நோயாளிகளும் கலந்திருப்பது சாதாரணம்.

பல ஒப்பந்தங்களில் புதியவர்களுக்குத் தகுதிகாண் காலம் உண்டு. அந்தக் காலத்தில் பணிநீக்கத்தை எதிர்த்து முறையிடும் உரிமை குறைவாகவே இருக்கும். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் தனியாக எழுதாமல், அதே ஷிப்டில் அதே நெருக்கடியில் இருக்கும் மூத்தவர்களோடு சேர்ந்து ஒரே படிவத்தில் கையெழுத்திடுவது புத்திசாலித்தனம். ஒரு படிவத்தில் பலர் கையெழுத்திடலாம். நிர்வாகத்தின் பார்வையில் ஆறு கையெழுத்துள்ள தாளுக்கு வேறு கனம்.

ரிப்போர்ட் வாங்கும் முன் வாயால் சொல்லுங்கள்

ரிப்போர்ட் வாங்குவது என்றால் முந்தைய ஷிப்ட் செவிலியரிடமிருந்து நோயாளிகளின் விவரத்தையும் பொறுப்பையும் ஏற்பது. வரிசை முக்கியம். முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். யாரிடமும் சொல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு காலையில் படிவம் நிரப்பினால், “எங்களிடம் சொல்லியிருந்தால் ஆள் அனுப்பியிருப்போமே” என்ற ஒற்றை வாக்கியத்தால் நிர்வாகம் அதைத் தள்ளிவிடும். முன்கூட்டி அறிய முடியாத ஏற்ற இறக்கத்தால் ஆள் குறைந்து, அதைச் சரிசெய்ய உடனடியாக முயன்றதை மருத்துவமனை நிரூபித்தால், அபராதம் விதிப்பதற்கில்லை என்று சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், அவர் யாரையெல்லாம் அழைத்துப் பார்த்தார் என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

சார்ஜ் நர்ஸிடம் தொடங்குங்கள். அவரால் மாற்ற முடியவில்லை என்றால் அவர் மூலமோ நேரடியாகவோ, அந்த ஷிப்டில் மருத்துவமனை முழுவதற்கும் பொறுப்பான ஹவுஸ் சூப்பர்வைசரிடம் போங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “எனக்கு ஐந்து டெலிமெட்ரி நோயாளிகள் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். இது வரம்புக்கு மேல், பாதுகாப்பானது அல்ல. ஒருவரை மாற்ற வேண்டும், அல்லது இன்னொரு செவிலியர் வேண்டும். முடியாது என்றால் ஆட்சேபத்துடன் ஏற்கிறேன், படிவம் எழுதுவேன்” என்ற பொருள்பட ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களை முன்பே சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டால், பதற்றத்தில் நாக்கு குழறாது. பிரச்சினையோடு தீர்வையும் சேர்த்துச் சொல்வது உங்கள் கோரிக்கையைப் புகாரிலிருந்து வேறுபடுத்துகிறது.

சார்ஜ் நர்ஸ் பெரும்பாலும் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவராக, நீங்கள் அக்கா என்றோ சேச்சி என்றோ கூப்பிடுபவராக இருப்பார். அவருக்கு எதிராக எழுதுகிறோமோ என்ற தயக்கம் நம்மவர்களிடம் மற்ற எல்லாத் தயக்கங்களையும்விடப் பெரியது. படிவம் அவருக்கு எதிரானது அல்ல. பல மருத்துவமனைகளில் அவரும் அதே சங்கத்தின் உறுப்பினர்தான். ஆள் போடும் அதிகாரமும் நிதியும் அவர் கையில் இல்லை. “அக்கா, நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், பலர் போடுவார்கள்.

பணியை அடியோடு மறுப்பது வேறு விஷயம். அதில் கவனம் தேவை. நோயாளிகளைப் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு, உரியவருக்கு நியாயமான முன்னறிவிப்புத் தராமல் விட்டுப்போனால் அது நோயாளியைக் கைவிடுதல் ஆகும், உரிமத்தைப் பாதிக்கும் என்பது கலிபோர்னியா செவிலியர் வாரியத்தின் நிலை. பொறுப்பேற்கும் முன் மறுத்தால் அது கைவிடுதல் ஆகாது; ஆனால் வேலையளிப்பவர் அதைக் கட்டளை மீறல் என்று நடவடிக்கை எடுக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பெரும்பாலான சூழல்களில் ஆட்சேபத்துடன் ஏற்பதே சங்கங்கள் சொல்லும் வழி. விதிவிலக்கு ஒன்றுண்டு. போதிய அறிமுகப் பயிற்சியும் நிரூபிக்கப்பட்ட திறனும் இல்லாத பிரிவுக்கு ஒரு செவிலியரை ஒதுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சையில் ஒருநாள்கூட நிற்காத உங்களை அங்கே ஃப்ளோட் செய்தால், “இங்கு எனக்குத் திறன் மதிப்பீடு நடக்கவில்லை, உங்கள் செவிலியர்களுக்குத் துணையாக என்னால் செய்யக்கூடியவற்றைச் செய்கிறேன், தனியாக நோயாளிகளை ஏற்க முடியாது” என்று ரிப்போர்ட் வாங்கும் முன் உறுதியாகச் சொல்லலாம், உடனே சங்கப் பிரதிநிதியையும் அழைக்கலாம்.

எழுதும் விதம்

பெரும்பாலான படிவங்கள் பயனற்றுப் போவது அவற்றில் உணர்ச்சி மிகுந்து தகவல் குறைந்திருப்பதால்தான். “இன்று மிக மோசமான நாள், நிர்வாகத்துக்கு எங்களைப் பற்றி அக்கறையே இல்லை, நோயாளிகள் பாவம்” என்று எழுதியதை வைத்து எந்தப் பிரதிநிதியாலும் எதையும் கேட்க முடியாது. இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்:

“பிரிவு: டெலிமெட்ரி, இரவு ஷிப்ட். 19:05க்கு எனக்கு 5 நோயாளிகள் ஒதுக்கப்பட்டனர், வரம்பு 4. ஒருவருக்கு ஹெப்பரின் சொட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். முதல் 15 நிமிடம் நான் அருகில் நிற்க வேண்டும். ஒருவர் குழப்ப நிலையில் படுக்கையை விட்டு இறங்க முயல்கிறார், உடனிருந்து பார்க்க சிட்டர் இல்லை. 19:10க்குச் சார்ஜ் நர்ஸிடமும் 19:20க்குத் தொலைபேசியில் ஹவுஸ் சூப்பர்வைசரிடமும் கூடுதல் செவிலியர் கேட்டேன். ‘அனுப்ப ஆள் இல்லை’ என்று பதில் வந்தது. 21:00 மணி மருந்துகள் இருவருக்கு 22:10க்குத் தரப்பட்டன. இடைவேளைச் செவிலியர் இல்லை. இரண்டாவது உணவு இடைவேளை எனக்குக் கிடைக்கவில்லை.”

இதில் உணர்ச்சியைக் காட்டும் ஒரு சொல்கூட இல்லை. நேரம், எண்ணிக்கை, சொன்னது, கிடைத்த பதில், அதனால் தாமதமானது அல்லது விடுபட்டது என்ற ஐந்தும் இருக்கின்றன. நிர்வாகம் மறுக்க வேண்டுமென்றால் அன்றைய ஒதுக்கீட்டுத் தாளைக் கொண்டுவந்து காட்டித்தான் மறுக்க வேண்டும். அந்தத் தாளும் இதையேதான் சொல்லும்.

விலக்க வேண்டியவையும் உண்டு. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவப் பதிவு எண், படுக்கை எண் எதையும் எழுதக் கூடாது; ஹிப்பா தனியுரிமைச் சட்டத்தின்படி அது உங்களையே குற்றவாளியாக்கும் ஆபத்து உண்டு. கணினித் திரையையோ ஒதுக்கீட்டுத் தாளையோ கைப்பேசியில் படமெடுக்கவும் வேண்டாம். உடன் பணிபுரிபவரின் குறைகளை எழுத இது இடமல்ல. நோயாளியின் மருத்துவப் பதிவில் ஆள் பற்றாக்குறை பற்றியோ ஆட்சேபப் படிவம் பற்றியோ எழுதக் கூடாது. அங்கே நடந்த சிகிச்சையும் நேரமும் மட்டுமே இருக்க வேண்டும். நோயாளி விழுந்துவிட்டார், மருந்து மாறிவிட்டது போன்றவற்றுக்கு மருத்துவமனையின் சம்பவ அறிக்கையைத் தனியாகத் தர வேண்டும். ஒன்றை எழுதியதால் மற்றொன்று தேவையில்லை என்றாகிவிடாது. ஷிப்ட் முடிவதற்குள் எழுதி, ஒரு பிரதியை மேலாளருக்கும் ஒன்றைச் சங்கத்துக்கும் கொடுத்து, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை லாக்கரில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

அதன் பிறகு சங்கம் என்ன செய்யும்

உங்கள் படிவம் அன்றிரவே ஒரு செவிலியரைக் கொண்டுவந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நேரங்களில் படிவம் எழுதப்போவதாகச் சொன்ன உடனேயே எங்கிருந்தோ ஆள் முளைப்பதுண்டு, அது வேறு கதை. பொதுவாக அதன் பலம் சேர்ந்து குவிவதில்தான் இருக்கிறது. கலிபோர்னியா செவிலியர் சங்கத்தின் ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளில், செவிலியர்களே தம்முள் தேர்ந்தெடுக்கும் தொழில்முறை நடைமுறைக் குழு ஒன்று இருக்கும். அது படிவங்களைப் பிரிவு வாரியாகவும் ஷிப்ட் வாரியாகவும் அடுக்கிப் பார்த்து, ஒரே பிரிவில் வெள்ளி இரவுகளில் மட்டும் ஆள் குறைகிறது என்பது போன்ற ஒழுங்கைக் கண்டுபிடித்து, செவிலியத் துறைத் தலைவரிடம் எழுத்துப்பூர்வமான பதில் கேட்கும். உங்கள் படிவம் பேசப்படும் கூட்டத்துக்கு உங்களை அழைத்தால் போங்கள். எழுதியவரே நேரில் சொல்வதை எந்த மேலாளரும் எளிதில் ஒதுக்க முடியாது.

பதில் வரவில்லை என்றாலோ மீறல் தொடர்ந்தாலோ சங்கத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. விகித வரம்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் முறையீடு தொடுக்கலாம். அதற்கான கெடு பெரும்பாலும் நாள் கணக்கில்தான் இருக்கும், ஆகவே பிரதிநிதியிடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றொன்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடம் புகார் செய்வது. இதைச் சங்கம் இல்லாமல் தனிநபரும் செய்யலாம் என்றாலும், தேதி வாரியாக அடுக்கிய முப்பது படிவங்களோடு போகும் புகாருக்கு ஆய்வாளர் தரும் கவனம் வேறு. 2019இல் நிறைவேறிய எஸ்.பி. 227 சட்டத்தின்படி, விகித மீறல் உறுதியானால் முதல் முறை 15,000 டாலரும் அடுத்தடுத்த முறைகளில் 30,000 டாலரும் மருத்துவமனைக்கு அபராதம் விதிக்கப்படும். பெரிய மருத்துவமனைக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டல்ல என்பது என் கணிப்பு. மீறல் அதிகாரபூர்வமாகப் பதிவாகிறது என்பதே அவர்களுக்கு அதிகம் வலிக்கிறது.

ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலும் இந்தப் படிவங்கள் மேசைக்கு வருகின்றன. இடைவேளைச் செவிலியர் வேண்டும், ஃப்ளோட் செய்யக்கூடிய பிரிவுகளுக்கு வரையறை வேண்டும் என்ற கோரிக்கைகளுக்கு அவைதான் சான்று. இந்தக் கோரிக்கைகளின் பின்னால் ஆய்வு பலமும் இருக்கிறது. லிண்டா எய்கன் குழுவினர் 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியிருந்தது.

பழிவாங்கல் வந்தால்

நோயாளியின் பாதுகாப்புப் பற்றி மருத்துவமனையிடமோ அரசுத் துறையிடமோ புகார் செய்த செவிலியரைப் பழிவாங்குவதைக் கலிபோர்னியா சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 1278.5 பிரிவு தடுக்கிறது. புகார் செய்த 120 நாட்களுக்குள் பாதகமான நடவடிக்கை எடுக்கப்பட்டால், மாற்றுச் சான்று காட்டப்படும்வரை அது பழிவாங்கல் என்றே சட்டம் அனுமானிக்கும். படிவத்தின் ஒரு பிரதியை மேலாளரிடம் தேதியோடு கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிவம் கொடுத்த சில நாட்களில், “சற்று உள்ளே வாருங்கள், பேச வேண்டும்” என்று மேலாளர் கூப்பிடலாம். அந்தப் பேச்சு உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு இட்டுச்செல்லலாம் என்று நியாயமாகத் தோன்றினால், சங்கப் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; 1975இல் வெயின்கார்ட்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்த உரிமை அது. ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும். மேலாளர் நினைவூட்ட வேண்டிய கடமை இல்லை. நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் புகார் செய்ய ஆறு மாதம் கெடு. மாவட்ட மருத்துவமனைகளிலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் இருப்பவர்கள் அதற்குப் பதிலாக மாநிலத்தின் பொதுத்துறைத் தொழிலாளர் உறவு வாரியத்துக்குப் போக வேண்டும்.

குடியேற்றம் பற்றிய பயத்தையும் பேசிவிடலாம். இந்தியாவிலிருந்து ஈ.பி.-3 என்ற வேலை அடிப்படையிலான குடியேற்ற விசா வழியில் வரும் செவிலியர்கள் நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடுதான் வந்து இறங்குகிறார்கள். ஆட்சேபப் படிவம் எழுதியதற்காக அதைப் பறிக்கும் அதிகாரம் எந்த மருத்துவமனைக்கும் இல்லை. தொழிலாளர் உரிமையைப் பயன்படுத்தியவரைக் குடியேற்ற நிலையைக் காட்டி மிரட்டுவதைக் கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் தனியாகவே தடை செய்திருக்கிறது. அப்படி யாராவது பேசினால் சொன்ன வார்த்தைகளை அன்றே எழுதி வைத்துச் சங்கத்திடம் கொடுங்கள்.

சங்கம் இல்லாத இடத்திலும் வேறு மாநிலத்திலும்

ஆளெடுப்பு நிறுவனத்தின் ஊழியராக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருப்பவர்களுக்கு அங்குள்ள சங்க ஒப்பந்தம் பொருந்தாமல் போகலாம். இதை முதல் வாரத்திலேயே பிரதிநிதியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விகித வரம்பும் 1278.5 பிரிவும் சங்க உறுப்பினருக்கு மட்டுமானவை அல்ல. சங்கமே இல்லாத தனியார் மருத்துவமனையில், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பணிச்சூழல் பற்றி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினால், அந்தக் கூட்டுச் செயலையும் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது. மேலே காட்டிய மாதிரியையே கடிதமாக்கிக்கொள்ளலாம்.

டெக்சாஸுக்கு மாறிப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே கலிபோர்னியாவைப் போன்ற விகித வரம்பு இல்லை. மாறாக, சேஃப் ஹார்பர் என்ற ஏற்பாடு மாநிலச் செவிலியர் சட்டத்திலேயே இருக்கிறது. முறைப்படி கோரினால் வேலையளிப்பவரின் பழிவாங்கலிலிருந்தும் உரிம வாரியத்தின் நடவடிக்கையிலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கும், விஷயம் சக செவிலியர் மதிப்பாய்வுக் குழுவுக்குப் போகும். ஆனால் அதைப் பணியில் இறங்கும் முன், அல்லது ஷிப்டின் நடுவில் ஒதுக்கீடு மாற்றப்படும் அந்தக் கணத்தில் கோர வேண்டும். சுருக்கமான கோரிக்கையை அப்போதே கொடுத்துவிட்டு, முழு விவரத்தை ஷிப்ட் முடிந்து கிளம்புவதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.